அஞ்சு வோல்ட்டுக்காரன்

இல்லீங்க, மேல வெக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். பஸ்ஸு ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சுன்னா மேல இருக்கறது நேரா உங்க தலையில தான் விழும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பொட்டி லேசு தான். உள்ள இருக்கறதுக்கு எதாச்சும் ஆச்சுன்னா எனக்குத் தான் பேச்சு.

முட்டை இல்லீங்க. எல்லாரும் அதையே தான் கேக்கறாங்க, பொட்டி மேல கோழிப் படம் போட்டிருக்குதே, அதனால. இது முட்டையைப் பாத்துக்கற போர்டு. குஞ்சு பொரிக்கற மிஷினு இருக்குதுல்லீங்க, இன்குபேட்டரு, அதுக்கு மூளை. உள்ள சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு பாத்து, சூடு கொறஞ்சா ஹீட்டரைப் போடும், எச்சானா நிறுத்தும், நேரத்துக்குத் தட்டைத் திருப்பி உடும். அடைகாக்கற கோழி பண்ற வேலை அத்தனையும் பண்ணும், கொத்த வர்றது ஒண்ணைத் தவிர.

உடுமலைக்குப் பக்கத்துல காளியண்ணன்னு ஒருத்தரு நாட்டுக்கோழிப் பண்ணை வெச்சிருக்காரு. அவருக்குத் தான் கொண்டு போறேன். நீங்க பழனி வரைக்குங்களா? அப்பச் சரி, நான் முன்னாடியே எறங்கிருவேன். சன்னலை மட்டும் சித்தெச் சாத்துங்க, தூசி வருது. பொட்டிக்குத் தான். எனக்கென்ன தூசி.

கம்பெனி நம்முளுது தானுங்க. கணபதியில, மாவு மில்லுக்கு மேல ஒரு ரூமு. 'தமயந்தி கண்ட்ரோல்ஸ்'. தமயந்தி எங்கூட்டுக்காரி. பேரு வெச்சது நானு. கல்யாணமான புதுசுங்க, அப்ப அப்படித் தான் தோணும். அவளே சொன்னா, "எம் பேரு எதுக்குங்க, சாமி பேரு எதாச்சும் வெய்ங்க"ன்னு. நான் தான் கேக்கல. இப்ப என்னாச்சு? வாசல்ல பேருப் பலகையைப் பாக்கறவன் எல்லாம் கம்பெனி அவளுது, நான் கூட நிக்கற ஆளுன்னு நெனைக்கறான். கூரியர்காரன் எங்கிட்டயே கேக்கறான், "மேடம் இல்லீங்களாண்ணா, கையெழுத்து வேணும்"னு. ஏன், என் கை என்ன கட்டையா?

ரெண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்குங்க. நான் சீனியரு. அதை நீங்க மனசுல வெச்சுக்கணும். சால்டரிங் கோலைத் தொடவே பயப்படுவா அவ. கையைப் புடிச்சு, இந்தா, ஈயத்தை இப்படி வெய்யி, இப்படி எடுன்னு காட்டிக் குடுத்தது நானு. அப்படித் தான் எங்க கதையே ஆரம்பிச்சுது. கொழந்தைங்க சின்னதா இருக்கையில ஊட்டோட இருந்தா. அப்பெல்லாம் நான் ராஜாங்க. பண்ணைக்காரங்க போன் பண்ணுனா "மோகனசுந்தரம் சார் இருக்காருங்களா"ன்னு தான் கேப்பாங்க. பெரியவ பள்ளிக்கோடம் போக ஆரம்பிச்சதும் இவ ரூமுக்கு வந்து உக்காந்தா. ஒத்தாசைக்குன்னு தான் வந்தா. நானும் வா வான்னு தான் கூப்புட்டேன். கெரகம், யாரு கண்டாங்க?

இப்பப் போனை எடுத்தா என்ன சொல்றாங்க தெரியுமுங்களா? "அம்மணி இருக்காங்களா?" நான் சொல்றேன், "சொல்லுங்க, நானே பாத்தர்றேன்." உடனே, "பரவாயில்லீங்க, அம்மணி வந்ததுக்கப்பறம் கூப்புடறேன்." அட, நான் என்ன வாட்ச்மேனா? அதே போர்டு, அதே கம்பெனி. எனக்குத் தெரியாதது அவளுக்கு என்னங்க தெரிஞ்சிருச்சு? அவ என்ன பண்றான்னா, ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனிக்காரன் ஒரு புஸ்தகம் குடுப்பான், அதை முழுசாப் படிக்கறா. கடைசிப் பக்கம் வரைக்கும். நான் மொதப் பக்கம் பாப்பேன், சாமானோட எந்தக் காலு எதுக்குன்னு பாப்பேன், ஈயத்தை வெச்சுப் பத்த வெச்சுருவேன். அனுபவம்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க.

பொறாமையா? எனக்கா? பொண்டாட்டி மேலயா? நல்லாக் கேட்டீங்க போங்க. நியாயத்தைச் சொன்னா ஊருல அதுக்குப் பேரு பொறாமை.

சரி, நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க. பழைய போர்டெல்லாம் என்னுது. அஞ்சு வோல்ட்டு. ஊட்டுக்கு வர்ற கரண்டு எரநூத்தி முப்பது வோல்ட்டுங்க, அதைக் கொறச்சுக் கொறச்சு, நகம் அளவு இருக்கற ஒரு சிப்புக்குக் குடுக்கறோம். எவ்வளவு குடுக்கறதுங்கறது தான் விசயமே. கம்மியாக் குடுத்தா அரைத் தூக்கத்துல ஏடாகூடமா எதாச்சும் பண்ணி வெக்கும். எச்சாக் குடுத்தா பொசுங்கிரும். நான் எப்பவும் அஞ்சு தான். அஞ்சுங்கறது ஒரு நல்ல எண்ணுங்க. யாரைக் கேட்டாலும் அஞ்சும்பான்.

காளியண்ணன் வந்து, ஈரமும் துல்லியமாக் காட்டணும்னாரு. இவ எங்கயோ தேடி, சூடு ஈரம் ரெண்டையும் அளக்கற ஒரு சென்சாரைப் புடிச்சா. அரிசி அளவு தான் இருக்கும். அந்தச் சீமாட்டிக்கு அஞ்சு ஆவாதாமா, மூணு புள்ளி மூணு தான் வேணுமாமா. சரி, அதுக்கு மட்டும் தனியா எறக்கிக் குடுத்துட்டுப் போவலாமில்ல? இல்ல. மொத்தப் போர்டையும் மூணு புள்ளி மூணுக்குக் கொண்டாந்துட்டா. என் அஞ்சு வோல்ட்டையே தூக்கிப் போட்டுட்டா.

நான் சும்மா இருப்பனுங்களா? "பண்ணையில மோட்டாரு ஓடுது, கரண்டு லைன்ல ஏறி எறங்கி அத்தனை குப்பை வருது, தெம்பா அஞ்சு குடு"ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "சிப்பு அஞ்சு தாங்குமுங்க. சென்சாரு தாங்காது. ஒரே போர்டுல கூடி இருக்கறவங்கள்ல யாரு கம்மியாத் தாங்குவாங்களோ, அவங்களுக்கு ஏத்தாப்பல தானுங்க வெக்கணும்." நான் உட்டனா? "புஸ்தகத்துல நாலு வரைக்கும்னு போட்டிருக்குதே"ன்னேன். "அது சாகாம இருக்கற அளவுங்க, ஒழுங்கா வேலை செய்யற அளவு இல்ல"ங்கறா. புஸ்தகம் எழுதறவன் எப்பவும் பயந்து தானுங்க எழுதுவான். ஆறு தாங்கறதுக்கு நாலுன்னு போடுவான். இது அனுபவம் இருக்கறவனுக்குத் தெரியும்.

இன்னொண்ணும் பண்ணுனா பாருங்க. சிப்போட வேகத்தைப் பாதியாக் கொறச்சுட்டா. கம்மி வோல்ட்டுல முழு வேகத்துக்கு ஓட்டுனா நம்ப முடியாதாமா, குளுருல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி இருக்குமாமா. "என்னுது ஓடுற வேகத்துல பாதியா?"ன்னேன். "முட்டை இருவத்தோரு நாளு அங்கயே தானுங்க கெடக்குது, நமக்கென்ன அவசரம்?"னா. காளியண்ணன் அப்ப அங்க தான் நின்னுட்டிருந்தாரு. சிரிச்சுட்டாருங்க. என் முன்னாடியே, எம் பொண்டாட்டி பேச்சுக்கு. "அம்மணி சொல்றது சரி தானுங்களே"ன்னாரு. கோழி வளக்கறவருக்கு வோல்ட்டைப் பத்தி என்னங்க தெரியும்? எனக்கு அப்படியே வயிறு பத்திட்டு எரிஞ்சுது. ஆமா, எரிஞ்சுது. சொல்றதுக்கென்ன, நீங்க பழனிக்குப் போறவரு.

அதுல என்னன்னா, காளியண்ணன் மிஷினுல ஒரு ஈடு குஞ்சு நல்லாப் பொரிஞ்சு வந்துட்டா, அவங்க சங்கத்துப் பண்ணைக்காரங்க எல்லாருமே நம்ம போர்டு தான் வாங்கறதுன்னு பேச்சு. எல்லாரும்னா எல்லாரும். பெரிய எடமாப் பாக்கலாம், ஆள் வெக்கலாம். நல்லது தானுங்களே? ஆனா யாரு போர்டு அது? அவ போர்டு. அப்பறம் நானு? ரூமுல சால்டரிங் பண்ற பெஞ்சுல லைட்டுக்குக் கீழ யாரு உக்காருவாங்க, யாரு கீழ போயி டீ வாங்கியாருவாங்க? அதைத் தான் நெனச்சேன். பாய்ல படுத்தாலும் அது தான், பல்லு வெளக்குனாலும் அது தான்.

போர்டு கெளம்ப வேண்டிய அன்னிக்கு அவ தம்பி பையனுக்குக் காதுகுத்து. சத்தியமங்கலத்துக்குப் போயிட்டா, கொழந்தைங்களையும் கூட்டிக்கிட்டு. "போர்டு பேக் பண்ணி வெச்சிருக்கனுங்க, பஸ்ஸுல போட்டுருங்க, போதும்"னா. போட்டுருங்க போதுமாம். அதைச் சொல்லீட்டு ஒரு மாதிரி நின்னா வாசல்ல. "பிரிக்காதீங்க"ன்னு சொல்ல வந்தாளோ என்னமோ, சொல்லல.

பிரிச்சேன். ஏன் பிரிக்கக்கூடாது? நானும் தான் கம்பெனி. வோல்ட்டைக் கொறச்சுக் குடுக்கறது ஒரு சின்னச் சாமானுங்க, ரெகுலேட்டரு. மூணு புள்ளி மூணுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ஒண்ணு. ரெண்டும் பாத்தா இரட்டைப் புள்ளைங்க, அதே உருவம், அதே மூணு காலு, மேல பொடி எழுத்துல இருக்கற எண்ணு மட்டும் தான் வேற. அவளுதைக் கழட்டிட்டு அஞ்சைப் பத்த வெச்சேன். அழகாப் பத்த வெச்சேன், அவளாலயே கண்டுபுடிக்க முடியாத மாதிரி. ஓட்டிப் பாத்தேன். ஓடுச்சுங்க! சிப்பு ஜம்முனு ஓடுச்சு, சென்சாரும் உசுரோட தான் இருந்துச்சு. எங்க செத்துச்சு? சூடு மட்டும் ஒரு டிகிரி எச்சாக் காட்டுச்சு. சித்திரை வெயிலு, மேல தகரக் கூரை, காட்டாம என்ன பண்ணும்? பேக் பண்ணி அனுப்பிட்டேன்.

பாதுகாப்புக்குத் தானுங்க பண்ணுனேன். கம்மியாக் குடுத்து நின்னு போறதுக்கு எச்சாக் குடுத்து ஓடறது மேலில்லையா? ஓடி, எல்லாம் நல்லா முடிஞ்சதுக்கப்பறம், காளியண்ணன் முன்னாடியே சொல்லலாம்னு இருந்தேன், "அது அஞ்சுல தானுங்க ஓடுச்சு, நான் தான் மாத்துனேன்"னு. அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாத்துக்குவேன். அவ பக்கத்துல உக்காந்து தான் சாப்புட்டுட்டிருப்பேன், உள்ளுக்குள்ள சிரிப்பா இருக்கும்.

முட்டை பொரியலீங்க.

அதாவது, கொஞ்சம் பொரிஞ்சுது. நாள் தப்பிப் பொரிஞ்சுது. வந்த குஞ்சும் நிக்க மாட்டேங்குது, கால் பின்னுது. பாதிக்கு மேல ஓட்டுக்குள்ளயே போச்சு. காளியண்ணன் போன் பண்ணுனாரு. நான் எடுத்தேன். "அம்மணிகிட்டக் குடுங்க"ன்னாரு. குடுத்துட்டேன், அப்ப மட்டும் எனக்கு அது பெருசாத் தெரியல.

ரெண்டு பேரும் இதே பஸ்ஸுல தான் போனோம். அவ மிஷினைத் தொறந்து, அவளோட தெர்மாமீட்டரை உள்ள வெச்சுப் பாத்தா. போர்டு ஒண்ணு சொல்லுது, தெர்மாமீட்டரு ஒரு டிகிரி கம்மியாச் சொல்லுது. சென்சாரு மேல வெரலை வெச்சா. வெதுவெதுன்னு இருந்துச்சு போல. அந்தச் சீமாட்டி அஞ்சு வோல்ட்டு தாங்காம தானே சூடாயி, அந்தச் சூட்டையும் சேத்து உள்ள சூடு பத்தும் பத்தும்னு சொல்லீட்டிருந்திருக்குது. போர்டும் அதை நம்பி ஹீட்டரை நிறுத்தி நிறுத்தி, முட்டையெல்லாம் குளுந்து போச்சு. பாருங்க, தப்பு யாருது? சென்சாருது. சிப்பு மேல ஒரு கொறை சொல்ல முடியுமா? அஞ்சுல அது பாட்டுக்கு ஓடிட்டு தான் இருந்துச்சு.

அப்பறம் ரெகுலேட்டரைக் குனிஞ்சு பாத்தா. மேல இருக்கற எண்ணைப் பாத்தா. நிமுந்து என்னைப் பாத்தா. ஒரே ஒருக்கா தான். நான் மிஷினு மேல ஒட்டியிருந்த கம்பெனிப் பேரைப் படிச்சுட்டிருந்தேன்.

சொல்லப் போறான்னு நெனச்சனுங்க. சொல்லீரட்டும், நானும் நாலு வார்த்தை கேக்கறேன்னு தயாரா நின்னேன். அவ கட்டை வெரலை அந்த ரெகுலேட்டரு மேல வெச்சு மறைச்சுக்கிட்டா. "எங்க தப்பு தானுங்கண்ணா, ஒரு சாமான் மாறிப் போச்சு, நாங்க சரியாப் பாக்காம அனுப்பிட்டோம்"னா. நாங்க. அந்த 'நாங்க'ளைக் கவனிச்சீங்களா? வாடிக் கெடந்த ஒரு குஞ்சைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு சொன்னா. கண்ணுல தண்ணி நின்னுச்சு. கோழிக் குஞ்சுக்குத் தான்னு நெனைக்கறேன்.

காளியண்ணன் கத்துவாருன்னு பாத்தா, "தப்பை மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கற ஆளை இப்பத் தான் அம்மணி பாக்கறேன். இன்னொரு போர்டு குடுங்க, இன்னொரு ஈடு வெச்சுப் பாப்போம். அதுவும் இப்படிப் போச்சுன்னா சங்கத்துல என்னால பேச முடியாது"ன்னாரு. பாத்தீங்களா அநியாயத்தை? மாத்துனது நானு, பேரு வாங்குனது அவ! நான் பண்ணுன வேலையில கூட அவளுக்குத் தான் நல்ல பேரு கெடைக்குதுன்னா, நான் எங்கங்க போறது?

திரும்பி வரையில பொள்ளாச்சி ஸ்டாண்டுல அவிச்ச கடலை வாங்குனா. பாதியை என் கையில குடுத்தா. தோலை உரிச்சு உரிச்சு அவ பாட்டுக்குத் தின்னுட்டு வெளிய பாத்துட்டு வந்தா. சண்டை போட்டிருந்தான்னா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்? நான் எத்தனை வருசம் பொறுத்துட்டு இருக்கேன், எல்லாத்தையும் கேட்டிருப்பேன். பேரு எவன் வெச்சான்னு கேட்டிருப்பேன். சால்டரிங் எவன் சொல்லிக் குடுத்தான்னு கேட்டிருப்பேன். அதுக்கும் எடம் குடுக்கல. அவ்வளவு கர்வம்.

புதுப் போர்டு போட்டா. இந்தா, மடியில இருக்கறது. பக்கத்துல உக்காந்து பாத்துட்டு தான் இருந்தேன். ஒருக்கா டீயும் வாங்கியாந்து குடுத்தேன், நீங்க யாருகிட்டயும் சொல்லீராதீங்க. பாத்தா, சென்சாரு மாறியிருக்குது. அந்தச் சீமாட்டி இல்ல, வேற ஒண்ணு, கொஞ்சம் பெருசு, வெலையும் எச்சு. அவ குளிக்கப் போனப்ப அந்தப் புஸ்தகத்தை எடுத்துப் பாத்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன், ஆமாங்க, நானே. மூணுல இருந்து அஞ்சரை வரைக்கும் எது குடுத்தாலும் ஒழுங்கா வேலை செய்யும்னு போட்டிருக்குது. தாங்கற அளவு இல்லீங்க, ஒழுங்கா வேலை செய்யற அளவே அது தான்.

அவ வந்ததும் கேட்டேன். "போர்டு இப்பவும் மூணு புள்ளி மூணு தானே? அப்பப் பழைய சென்சாரே போதுமே, எதுக்கு இது?"

ஈரத் தலையைத் துவட்டிக்கிட்டே சொன்னா, "இதுன்னா அஞ்சு போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

"அஞ்சு யாரு போடப் போறா?"ன்னேன்.

அவ துண்டை ஒதறிக் கொடியில போட்டா. "போர்டு போடறதுன்னா அதைச் சுத்தி யாரு யாரு இருக்கறாங்கன்னும் பாத்து தானுங்க போடணும்"னு சொல்லீட்டு தோசைக்கு மாவெடுக்கப் போயிட்டா.

போர்டுல எதெதுக்குப் பாதுகாப்பு வெச்சிருக்கா தெரியுமுங்களா? இடி விழுந்தா அதுக்கு ஒண்ணு. லைன்ல கரண்டு எகிறுனா அதுக்கு ஒண்ணு. வொயரைத் தலைகீழா மாட்டுனா அதுக்கு ஒண்ணு. ஈரம் ஏறாம இருக்க மேல ஒரு பூச்சு. எலி கடிக்காம இருக்க ஒரு மூடி. அந்த வரிசையில இப்ப நானு. இடி, எலி, கட்டுன புருசன்! நீங்களே சொல்லுங்க, இதைப் பாத்துட்டு ஒரு ஆம்பளை அதே ஊட்டுல தோசை திங்க முடியுமா? தின்னேன். அது வேற விசயம்.

இன்னிக்குக் காளியண்ணன் அவளைத் தான் வரச் சொன்னாரு. "நீங்களே வந்து மாட்டிக் குடுத்துருங்க அம்மணி"ன்னாரு. இவ சொல்றா, "எங்கூட்டுக்காரரு வர்றாருங்கண்ணா, அவரு கையில மாட்டுனாத் தான் சரியா இருக்கும்"னு. எனக்குக் கேக்கற மாதிரியே சொல்றா. என்னை நம்பித் தான் அனுப்புறாளா, இல்ல, என்னை நம்ப வேண்டியதே இல்லைன்னு அனுப்புறாளா? இதுக்கு எனக்கு ஒரு முடிவு தெரியலீங்க, கோயமுத்தூரு தாண்டுனதுல இருந்து அதைத் தான் யோசிச்சுட்டு வர்றேன். நீங்க வந்து உக்காந்தீங்க, சொல்லிட்டேன்.

இதுங்களா? பாக்கெட்டுல நானு அப்பப்பத் தொட்டுப் பாத்துக்கறேன்னு பாக்கறீங்களா? பணம் இல்லீங்க. இந்தாங்க, பாருங்க, சின்னக் கவரு. உள்ள கறுப்பா, மூணு காலோட, ஆமா. அந்தப் பொடி எழுத்தைப் படிங்க. கண்ணாடி இல்லீங்களா? அஞ்சுன்னு போட்டிருக்குது.

நான் எடுத்துட்டு வரலீங்க. சத்தியமா நான் எடுக்கல. நான் கெளம்பையில அவ தான் வாசல் வரைக்கும் வந்து, சட்டைப் பாக்கெட்டுல இதைப் போட்டு, மேல ஒரு தட்டுத் தட்டி உட்டா. புதுசாக் கல்யாணமானப்பப் பஸ்ஸுக்குச் சில்லறை போட்டு உடுவா, அதே மாதிரி. "அங்க போனதுக்கப்பறம் மனசு கேக்கலைன்னா இதையே மாட்டிக்குங்க. ஒண்ணும் ஆகாது"ன்னா.

மாட்டுனாலும் குஞ்சு பொரியும். மாட்டாட்டியும் பொரியும். சங்கத்துல ஆர்டரு வந்துரும். இனி நான் என்ன பண்ணுனாலும் ஒண்ணும் ஆகாதுங்க.

அந்த 'ஒண்ணும் ஆகாது' இருக்குது பாருங்க, அதைத் தான் என்னால தாங்க முடியல.

அட, உடுமலை வந்துருச்சு. பொட்டியைச் சித்தெப் புடிங்க, நான் எறங்கி வாங்கிக்கறேன். ரெண்டு கையிலயும் புடிங்க. குலுக்காதீங்க, பாத்து.